‘தெரிகிறது’ என்று போட்டவர்

நம்மவர் ஒரு மாலைப் பத்திரிகையில் துணை ஆசிரியர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், மதியம் கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை தலையை நிமிர்த்த மாட்டார். இயந்திரம் ஓடுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேஜைமேல் இருக்கும் தேநீர் கிளாஸ் தானாக நடுங்கும். அப்போதுதான் அதைக் கையில் எடுப்பார். ஆறிப் போயிருக்கும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மறுபடி இன்னொன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் தேநீர்க்காரர் போய்விட்டிருப்பார்.

அலுவலகத்தில் அவருக்குத் ‘தெரிகிறார்’ என்று பட்டப்பெயர். “தெரிகிறார் வந்துட்டாரா?” என்று ஒருவர் கேட்பார். “வந்த மாதிரி தெரிகிறார்” என்று இன்னொருவர் சொல்வார். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன நகைச்சுவைதான். ஆனாலும் நம்மவர் ஒவ்வொரு முறையும் லேசாகச் சிரித்து வைப்பார். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர்.

பெயர் வந்த கதை இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விடுதியின் தண்ணீர்த் தொட்டியில் காகம் செத்துக் கிடந்தது என்று அடித்துச் சொல்லி ஒரு செய்தி போட்டார். காகம் செத்தது உண்மை. ஆனால் அது கிடந்தது பக்கத்து வீட்டுத் தொட்டியில். விடுதிக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஆசிரியர் நம்மவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் சொன்னார்: “யோவ், ‘கிடந்ததாகத் தெரிகிறது’ன்னு போட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்குமேய்யா!”

அன்றிலிருந்து அந்தச் சொல் நம்மவருக்குக் குடையாகிவிட்டது. வெயிலோ மழையோ, அதை விரித்துப் பிடிக்காமல் வாசல் தாண்ட மாட்டார். திருடன் பின்பக்கமாக நுழைந்ததாகத் தெரிகிறது. அமைச்சர் கோபத்தில் இருப்பதாகத் தெரிகிறது. தீ, மின்கசிவால் பற்றியதாகத் தெரிகிறது. இத்தனை வருடங்களில் இன்னொரு வக்கீல் நோட்டீஸ் வந்ததில்லை.

பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க “தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இவர் ஒருத்தர்.

“குழம்புல உப்பு சரியா இருக்கா?”

“சரியா இருக்கிறதாத்தான் தெரியுது.”

“நாக்கு உங்க வாய்க்குள்ளதானே இருக்கு? வேற ஊருக்குச் செய்தி சேகரிக்க அனுப்பி வச்சிருக்கீங்களா?”

இருவரும் சந்தித்ததே அந்தக் கடையில்தான். கண்ணாடி மாற்றப் போன இளைஞனிடம், “கடைசி வரியில முதல் எழுத்து என்ன?” என்று அவர் கேட்க, “‘ப’ மாதிரி தெரியுதுங்க. ‘ம’வா இருக்கவும் வாய்ப்பு இருக்கு” என்று இவர் பதில் சொன்னார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து கடை முதலாளி எட்டிப் பார்த்தார். பிறகு அந்த இளைஞனின் கண்ணாடி அடிக்கடி உடைந்தது. சட்டம் தளர்ந்தது. திருகாணி காணாமல் போனது. ஒரு வருடத்தில் கல்யாணம் முடிந்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தப் பேருந்து வந்து மோதியது.

மோதியது இவர்மேல் அல்ல. சந்தைக்குப் போகும் சாலையின் திருப்பத்தில் இருந்த ஒரு மெத்தைக் கடைமேல். நடைபாதையில் ஏறி, கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, அடுக்கி வைத்திருந்த மெத்தைகளில் முட்டி நின்றது. பதிப்பு முடியும் நேரம். செய்தியாளர் அங்கிருந்து தொலைபேசியில் மூச்சிரைக்கக் கத்தினார்.

“சார், மெத்தைக் கடைக்குள்ள பஸ் பூந்துடுச்சு!”

“உயிருக்கு யாருக்காவது...?”

“ஒண்ணும் இல்ல சார். மெத்தைதான் காப்பாத்தியிருக்கு. கண்டக்டருக்கு முன்பல்லு போச்சு. டிரைவருக்குக் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. அப்புறம் சார், அவர்மேல குப்புன்னு வாடை அடிச்சுதாம். கூட்டத்துல பேசிக்கிறாங்க.”

“நீ மோந்து பாத்தியா?”

“நான் வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்களே சார்.”

கீழேயிருந்து அச்சகத்துக்காரர் “பக்கம் எங்கே, பக்கம் எங்கே” என்று உயிரை வாங்கினார். நம்மவர் கிடுகிடுவென்று தட்டினார். முடிவில் ஒரு வரி சேர்த்தார்: ‘ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகத் தெரிகிறது.’ குடிபோதையில் ஓட்டினார் என்று போடவில்லை. போதையால் விபத்து என்று தலைப்பு வைக்கவில்லை. எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறோம் என்று அவருக்கே உள்ளூர ஒரு திருப்தி. கிளாஸ் நடுங்கியது. தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில், தோளில் அளவு நாடா தொங்க, உடையெல்லாம் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு அம்மாள் படியேறி வந்தார். தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கையில் நேற்றைய பத்திரிகை.

“இதை எழுதினது யாரு?”

எல்லாருடைய கண்களும் ஒரே திசையில் திரும்பின. நம்மவர் எழுந்து நின்றார். “உட்காருங்கம்மா” என்றார்.

“உட்கார வரல. அந்த டிரைவரு என் தம்பி. அப்பா அம்மா போன பிறகு என் மிஷினுக்குக் கீழயே தூங்கி எழுந்து வளர்ந்தவன். அவன் குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப யாரு பாத்தா?”

“பாத்ததா யாரும் சொல்லலம்மா. வாடை வந்துதுன்னு அங்க பேசிக்கிட்டாங்க.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதும்மா. அதனாலதான் ‘தெரிகிறது’ன்னு போட்டிருக்கோம்.”

சூதுவாது இல்லாமல்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“எனக்கு ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க. இங்க, ‘மேயர் தெரிவித்தார்’னு இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?”

“பேசினாருன்னு அர்த்தம்மா.”

“அவர் பேசினது நிஜமா?”

“பேசினது நிஜம். என்ன பேசினாரோ அது நிஜமான்னு நாங்க சொல்ல மாட்டோம்.”

“சரி. ‘விசாரணையில் தெரியவந்துள்ளது.’”

“போலீஸ்காரங்க சொன்னாங்க.”

“‘என்பது அனைவருக்கும் தெரிந்ததே.’”

“ஏற்கெனவே ஒரு தடவை போட்டுட்டோம்னு அர்த்தம். போன வாரம் நீங்க படிக்காம விட்டிருந்தா அதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. விரல் பத்தி பத்தியாக இறங்கியது. “‘அடையாளம் தெரியாத வாகனம்.’”

“அது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிஞ்ச லாரியாத்தான் இருக்கும்மா. நம்பரை யாரும் பாத்து வச்சிருக்க மாட்டாங்க.”

“இதோ, ‘நாளை மாலை நிலவுக்கு அருகில் ஒரு கோள் தெரியும்.’”

“அது மட்டும் நிஜமாவே தெரியும். மொட்டை மாடிக்குப் போனா கண்ணாலேயே பாக்கலாம்.” நம்மவர் குரல் இறங்கிவிட்டது.

“ஆகாசத்துல இருக்கிறது உங்களுக்கு நல்லாத் தெரியுது. அடுத்த தெருவுல இருக்கிறது தெரியல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் போய், களைப்பு வந்திருந்தது. “எழுதற உங்களுக்கு அந்த வார்த்தை சந்தேகம். படிக்கிற எங்களுக்கு அது கண்ணாடி மாதிரி. ‘தெரிகிறது’ன்னா தெரியுதுன்னுதானே சார் நாங்க எடுத்துப்போம்?”

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். தம்பி மனைவியின் அப்பா குடித்தே செத்தவர். கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பெண் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள்: ஒரு சொட்டு தொடக் கூடாது. தம்பியும் தொட்டதில்லை. இப்போது பத்திரிகையைப் படித்ததிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். வாய் துடைத்துவிடுகிறாள், தலையணையைச் சரிசெய்கிறாள், ஊட்டிவிடுகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை.

“கால் வலிக்குதுன்னு அவன் அழல சார். இவ பேச மாட்டேங்கிறாளேன்னு அழறான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாற்காலியில் ஒரு நீல நூல் கிடந்தது. நம்மவர் அதை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவி விஷயத்தை வாங்கிக்கொண்டார். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“கடையில ஒருத்தர் வந்து உட்கார்ந்து, எழுத்து தெரியலன்னா என்ன சொல்லுவாரு?”

“தெரியலன்னு சொல்லுவாரு.”

“அதுல என்ன வெட்கம்? அவர் தெரியலன்னு சொன்னாத்தான் நான் வேற கண்ணாடி போட்டுப் பாக்க முடியும். தெரியுது தெரியுதுன்னு சும்மா தலையாட்டிட்டுப் போறவங்கதான் படியில தடுக்கி விழறாங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க.”

“நான் மேஜை ஆளு. வெளிய போய் விசாரிச்சு ரொம்ப நாளாச்சு.”

“வழி தெரியலன்னா கேட்டுட்டுப் போங்க” என்று சொல்லி, மடித்த துணியை அவர் மடியில் வைத்தார்.

மறுநாள் பதிப்பு முடிந்ததும் நம்மவர் கிளம்பினார். எதிரில் வந்த செய்தியாளர், “சார், நீங்களா? வெளியவா?” என்று வாயைப் பிளந்தார்.

மெத்தைக் கடையைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. உடைந்த முகப்புக்கு மேலே புத்தம் புதுத் துணிப் பதாகை கட்டியிருந்தது: ‘பேருந்தையே தாங்கிய மெத்தை! உங்களைத் தாங்காதா?’ கீழே கூட்டம் அலைமோதியது. கடைக்காரர் உருண்டையான மனிதர். விபத்து நடந்த கடையின் முதலாளிபோல இல்லை, பரிசு விழுந்தவர்போல இருந்தார். பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் அவரே கையைப் பிடித்து இழுத்துப் போய், கடையின் ஓரத்தில் கிடந்த பேருந்துச் சக்கரத்தைக் காட்டினார். ரப்பர் இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்த கம்பி நரம்பெல்லாம் வெளியே பிதுங்கி இருந்தது.

“முன் டயரு சார். வெடிச்ச சத்தம் எனக்குக் கடைக்குள்ள கேட்டுது. நான் ஏதோ குண்டுன்னு நெனச்சுக் கல்லாவுக்குக் கீழ பூந்துட்டேன். நிமிர்ந்து பாத்தா பஸ்ஸு எனக்கு நேரா நிக்குது.”

“டிரைவர் குடிச்சிருந்தாரா?”

“குடியா? யாரு சொன்னா?”

“வாடை வந்துதுன்னு...”

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட கடவுளே! அது நம்ம பசை சார்!”

பஞ்சுக்கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு ஒரு பசை. தகர டின்னில் வரும். பேருந்து வந்து நின்றபோது ஓட்டுநர் இருக்கைக்கு நேராக அமைந்துவிட்ட மேல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். பேருந்து உள்ளே வந்த வேகத்தில் ஒரு டின் கவிழ்ந்து, வண்டியின் உடைந்த கண்ணாடி வழியாக முழுவதும் ஓட்டுநரின் மடியில் கொட்டியிருக்கிறது. “தொறந்து காட்டட்டுமா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொரு டின்னின் மூடியை நெம்பினார். நம்மவர் குனிந்தார். ஒரே ஒரு இழுப்புதான். கண் எரிந்து, தலை கிறுகிறுத்து, பிடிமானத்துக்குக் கை நீட்டியதில் டின் சாய்ந்து, சட்டைக் கை முழங்கைவரை நனைந்துவிட்டது.

கடைக்காரர் அவரை ஒரு மெத்தைமேல் உட்கார வைத்தார். “எங்க கடையில எல்லாரும் இந்த வாடையோடதான் சார் வீட்டுக்குப் போவோம். கல்யாணமான புதுசுல என் பொண்டாட்டி எங்க அண்ணனையே கூப்பிட்டுப் பஞ்சாயத்து வச்சுட்டா!”

நம்மவர் சட்டையைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அப்படியே மருத்துவமனைக்கு நடந்தார். பேருந்தில் ஏறினால் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவார் என்று பயம்.

எலும்பு முறிவுப் பிரிவு நீளமான கூடம். கடைசிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி ஓட்டுநர் படுத்திருந்தார். பக்கத்தில் முக்காலியில் அவர் மனைவி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். நம்மவர் கட்டில் அருகே வந்து வாயைத் திறப்பதற்குள், அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள்.

“குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள வர்றீங்களே, வெட்கமா இல்ல?”

நம்மவர் வெலவெலத்துப் போனார். “ஐயோ, நான் குடிக்கலம்மா.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.”

“சத்தியமா குடிக்கலம்மா!”

“வாடை வாசல்லயே அடிக்குது. பொய் வேறயா?”

கூடமே திரும்பிப் பார்த்தது. காலொடிந்தவர், கையொடிந்தவர் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். நம்மவருக்குக் காதுமடல் சுட்டது. வாழ்நாளில் ஒரு மடக்கு கூடக் குடித்ததில்லை. இதை இத்தனை பேர் நடுவில் எப்படி நிரூபிப்பது? எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களும் எங்கோ ஒரு கட்டிலிலோ வாசலிலோ இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு வழி தெரியாமல் சட்டைக் கையை அவள்பக்கம் நீட்டினார்.

“நீங்களே மோந்து பாருங்கம்மா. இது மெத்தைக் கடைப் பசை.”

அவள் சந்தேகத்தோடு குனிந்தாள். கட்டிலில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். சட்டென்று முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

“இதேதான்! அன்னிக்கு என்மேல கொட்டினது இதே வாடைதான்! அக்கா, நான் சொன்னேனே, ஏதோ எண்ணெய் மாதிரி கொட்டுச்சுன்னு! நீங்க யாரு சார்? கடைக்காரரா?”

“இல்லப்பா” என்றார் நம்மவர். “அந்த வரியை எழுதினவன்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். செய்தியாளர் பார்க்காதது, தான் கேட்காதது, டயர் பிளந்து கிடப்பது எல்லாம். அந்த வழியே வந்த மருத்துவரை நிறுத்தி, எல்லாரும் கேட்கும்படி விசாரித்தார். “வந்த அன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாத்தாச்சே. மது துளிகூட இல்ல. எங்களை யாரும் கேக்கலயே” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கணவன்பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. ஆனால் மறுபடி மூடிக்கொண்டாள். நம்மவரைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்குச் சொன்னா போதுமா? எங்க தெரு முழுக்கப் படிச்சிருக்கு. இவர் ஓட்டுற பஸ்ஸுல ஏறுறவங்க எல்லாம் படிச்சிருக்காங்க. அதே பேப்பர்ல வரட்டும். அப்புறம் பேசறேன்.”

“அடியே, என்கூடவாவது இப்பவே பேசு!” என்று கெஞ்சினார் ஓட்டுநர். அவள் ஒரு சுளையை எடுத்து அவர் வாயில் அடைத்தாள்.

காலையில் முதல் வேலையாக நம்மவர் எழுதி, ஆசிரியர் முன் வைத்தார். சின்னச் செய்திதான். ‘மெத்தைக் கடை விபத்தில் காயமடைந்த ஓட்டுநர் மது அருந்தியிருக்கவில்லை. பேருந்தின் முன்சக்கரம் வெடித்ததே விபத்துக்குக் காரணம். அவர்மேல் வீசியது, கடையிலிருந்து கொட்டிய பசையின் வாடை. அவர் மது அருந்தியிருந்ததாக நாம் எழுதியது தவறு.’

ஆசிரியர் படித்தார். பேனாவைத் திறந்தார். ‘அருந்தியிருக்கவில்லை’ என்பதற்குப் பக்கத்தில் ‘எனத் தெரிகிறது’ என்று சேர்த்தார். கடைசி வாக்கியத்தை அடித்தார்.

“சார், அதைச் சேக்காதீங்க” என்றார் நம்மவர்.

“எதை?”

“‘தெரிகிறது.’”

ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “யோவ், நீயா பேசறே? உன் சொத்துய்யா அது!”

“இது தெரிகிறது இல்ல சார். தெரியும். டயரைத் தொட்டுப் பாத்தேன். டாக்டரைக் கேட்டேன். பசை என் கையிலேயே இருக்கு.” சட்டையை மாற்றியிருந்தாலும் முழங்கையில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. நீட்டிக் காட்டினார். “தெரியாதப்ப அந்த வார்த்தையைப் போட்டு ஒருத்தரைக் கெடுத்தோம். தெரிஞ்ச பிறகும் போட்டா அவர் பாதி குடிச்ச மாதிரி ஆயிடும்.”

“சரி, விடு. கடைசியில ‘வருந்துகிறோம்’னு ஒண்ணு போட்டு முடி. தவறு கிவறு எல்லாம் எதுக்கு?”

“வருத்தம் யாரு வேணும்னாலும் படலாம் சார். அந்த டயரு கம்பெனிக்காரங்ககூட வருத்தப்படுவாங்க. தப்பு பண்ணினது நாமதானே?”

இத்தனை வருடத்தில் நம்மவர் ஆசிரியரோடு இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். மேஜைமேல் விரலால் தாளம் போட்டார். அவரும் கெட்டவர் அல்ல. ஒரு பத்திரிகையைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பவர், எதிலும் இடித்துக்கொள்ளாமல் போகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

“ரெண்டையும் போட்டுக்கோ” என்றார் கடைசியில். “தவறு, வருந்துகிறோம். எந்தப் பக்கம்?”

“அன்னைக்குப் போட்ட பக்கம்.”

“முதல் பக்கமா? விட்டா என் நாற்காலியையும் கேப்பே போல!” என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார்.

அன்று அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த பிரதியை எடுத்துக்கொண்டு நம்மவர் நேராக மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பெண் வாங்கி, முதல் பக்கத்தை விரித்து, நின்றபடியே உரக்கப் படித்தாள். கூடமே காது கொடுத்தது. ‘மது அருந்தியிருக்கவில்லை’ என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்தாள். கடைசிக் கட்டில்வரை கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். ‘தவறு’ என்று வந்தபோது தையல்காரம்மா நம்மவரை ஒரு பார்வை பார்த்தார்.

படித்து முடித்து, பத்திரிகையை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஓட்டுநர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல. அவள் பால் கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டினாள். இத்தனை நாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை:

“குடிய்யா.”

பக்கத்துக் கட்டில்காரர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு அலை அலையாகப் போனது. சிரித்தால் விலா வலிக்கிறது என்று ஒருவர் அலறினார். என்ன சொன்னோம் என்று புரிந்ததும் அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று நம்மவரால் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர் ஒரு கையில் பாலும் மறு கையில் அவள் மணிக்கட்டுமாக, இரண்டையும் விடாமல் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகும் நம்மவர் அதே மேஜையில்தான் வேலை பார்த்தார். அந்தச் சொல்லை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. சில செய்திகள் அப்படித்தான் வரும், அரைகுறை வெளிச்சத்தில். ஆனால் அதைப் போடுவதற்கு முன்பு தொலைபேசியை எடுத்துவிடுவார். “யாரு பாத்தா? நீ பாத்தியா? அவரைக் கேட்டியா?” என்று செய்தியாளர்களைக் குடைவார். பதில் கிடைக்காவிட்டால், ‘இதை நாம் உறுதிசெய்ய முடியவில்லை’ என்று நீட்டி எழுதுவார். இடத்தை அடைக்கிறது என்று பக்கம் கட்டுபவர் புலம்புவார். புலம்பட்டும் என்று விட்டுவிடுவார்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஓட்டுநர் மறுபடி வேலைக்கு வந்தார். முதல் நாள் வண்டியில் தன் மனைவியோடு ஏறினார் நம்மவர். அவர்கள் வீடு இருப்பது வேறு திசையில். முன் இருக்கையில் ஓட்டுநரின் மனைவியும் தையல்காரம்மாவும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். கண்டக்டர் புதுப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மெத்தைக் கடைத் திருப்பத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்கள். வண்டி நிதானமாகத் திரும்பி நேரானது. தையல்காரம்மா பிடித்திருந்த மூச்சை விட்டார். பின்னால் திரும்பி நம்மவரின் மனைவியிடம், “இவருக்குத் தோள் கொஞ்சம் இறக்கமா இருக்கு, கடைச் சட்டை எதுவும் ஒழுங்கா உட்காராது” என்றார்.

“நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்களே சொல்லுங்க அக்கா.”

இருவரும் நம்மவரின் தோளைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். நடுவில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, ஓடும் வண்டியில் நாடாவை வைத்து அளந்தும் விட்டார்கள். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையைச் சொன்னபடி தூக்கி, சொன்னபடி இறக்கி, கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே போனார்.